பதினொன்றாவது வண்டி

கம்பம் மெட்டுக்குக் கணக்கெடுக்க வந்தவள் நான்.
கையில் அரசாங்க டேப்லெட்,
மழைக்கு அதன்மேல் ஒரு ஜவுளிக்கடைப் பை.

நாலேமுக்காலுக்கு
கடைவாசலில் நின்று கீழே பார்க்கிறார் பவுலோஸ்.
பள்ளத்தாக்கு முழுக்க இருட்டு.
வளைவுக்கு வளைவு ஏறி வருகின்றன ஜீப் வெளிச்சங்கள்,
பாறைக்குப் பின்னால் அணைந்து
கொஞ்சம் மேலே மறுபடி எரிந்து.
"ஒம்பது, பத்து... அது லாரி, அதை விடு...
பதினொண்ணு."
உள்ளே திரும்பிச் சொல்கிறார்:
"பாலு ஒரு சட்டி மதி, சுருளி."

போன ஆவணியில் இருபத்திநாலு வந்ததாம்.
வண்டிக்குப் பதினைந்து பேர்.
ஆளுக்கு ஒரு டீ,
பாதிப் பேருக்கு ஒரு பருப்புவடை.
இதற்குமேல் ஒரு புள்ளிவிவரம்
அவருக்கு இதுவரை வேண்டியிருக்கவில்லை.
வியாபாரிகள் சங்கம் கேட்டிருக்கும் என் அறிக்கை
மார்ச்சில்தான் வரும்.
அதில் இந்த விடியல்
சற்றே சாய்ந்த ஒரு கோடு.

மொக்கைச்சாமி வண்டி நிற்கிறது.
பின்கம்பியில் தொங்கியவர்கள் முதலில் குதிக்க
சேலைக்குமேல் ஆம்பளைச் சட்டை போட்ட பெண்கள்
தூக்குவாளியோடு ஒவ்வொருத்தியாய்ப் பிதுங்கி இறங்குகிறார்கள்.
டீ ஆறுவதற்குள் நான் கேட்டு முடிக்கவேண்டும்.

கடந்த ஏழு நாளில் எத்தனை மணிநேரம் வேலை பார்த்தீர்கள்?

வனப்பேச்சி விரலை மடக்குகிறாள்.
"ரெண்டரைக்கு எந்திரிச்சுச் சோறு வடிக்கணும்.
நாலுக்கு வண்டி.
ஏழரைக்குக் காட்டுல கால் வைக்கணும்.
சாயங்காலம் வீடு சேர ஏழு.
நீ எதுலருந்து எதுவரைக்கும் கேக்குற தாயி?"
காட்டில் இருக்கும் நேரம் மட்டும் என்கிறேன்.
"அப்ப நேத்து முச்சூடும்
ஒருத்தி என் முட்டி மேல ஒக்காந்து வந்தாளே,
அது சும்மாவா?"

சும்மாவுக்குக் குறியீடு இல்லை.
'குறிப்பு' என்ற கட்டத்தில் எழுதிப் பார்க்கிறேன்.
நாற்பது எழுத்து தாண்டியதும்
சிவந்துபோகிறது.

வேலை இடுக்கியில். வீடு தேனியில்.
இரண்டில் ஒன்றைத் தொடச் சொல்கிறது திரை.
தூங்குகிற ஊரில்தான் ஆளை எண்ண வேண்டும் என்பது விதி.
"நாங்க தூங்குறது ஜீப்புலதான்,
எழுதிக்கோ," என்கிறது உள்ளேயிருந்து ஒரு குரல்.
வண்டி குலுங்கச் சிரிக்கிறார்கள்.
மொக்கைச்சாமி ஹாரன் அடித்துவிட்டான்.

ஏலத்துக்கு ஏலம் ஏலக்காய் விலை ஏறத்தான் செய்கிறது.
விலை ஏறினால் ஆள் கூடும் என்று
மதுரையில் இரண்டு நாள் பயிற்சியில் சொன்னார்கள்.
ஆள் கூடித்தான் இருக்கிறது, மேலே, எஸ்டேட் லயங்களில்:
ஜார்க்கண்டிலிருந்து வந்து
அங்கேயே பொங்கித் தின்று
அங்கேயே படுத்துக்கொள்ளும் பையன்கள்.
அவர்களுக்கு ஜீப் வாடகை இல்லை.
அவர்கள் வளைவேறி வருவதில்லை.
பவுலோஸின் இருட்டில் அவர்கள் தெரியமாட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து
அதே கடைக்கு மறுபடி போகிறேன்.
டீ ஆற்றிக்கொண்டிருப்பது பவுலோஸே.
சாலைக்கு எதிர்ப்புறம்
மைல்கல்லில் உட்கார்ந்திருக்கிறான் சுருளி.
வாரம் நாலு நாள் போதும் என்று சொல்லிவிட்டாராம்.
"அவரயும் சொல்லக் குத்தமில்ல,
பாலு மிஞ்சிப்போகுது."

கேட்கவேண்டியதைக் கேட்கிறேன்.
வேலை இல்லாத மூன்று நாளும் என்ன செய்தீர்கள்?
"இப்படித்தான் வந்து ஒக்காந்து
வண்டிய எண்ணிக்கிட்டு இருந்தேன்."

எண்ணுவதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள்
என்று அவனிடம் சொல்லவில்லை.
எண்பத்தொன்று என்று போட்டேன்:
வேலை இல்லை, தேடுகிறார்.
பச்சை விளக்கு எரிந்து ஏற்றுக்கொண்டது.

கீழே வெளிச்சம் ஏறுகிறது.
"ஒம்பது," என்கிறான் சுருளி, யாருக்கென்று இல்லாமல்.
அதற்குப் பின்னால் வருவது
லாரியா ஜீப்பா என்று
இரண்டு பேரும் கழுத்தை நீட்டிப் பார்க்கிறோம்.