மூன்றாம் ஜோடி

சமையலறை மேசையில்
உருளைக்கிழங்குத் தோலுக்கும் மின்கட்டண ரசீதுக்கும் நடுவே
எட்டுப் பேரை நிறுத்தி வைத்திருக்கிறேன்.
சதுரம் ஆண், வட்டம் பெண்.
ஆளுக்கொரு சின்ன மூக்கு,
எந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்று தெரிய.

வெளியே நெப்ராஸ்கா முழுக்கப் பனி.
வெள்ளி இரவு ஏழு மணிக்கு
தானியச் சங்கத்து மண்டபத்தில்
மைக்கைப் பிடித்து இவர்களை நான் ஆட்டுவிக்க வேண்டும்.

‘ஸ்விங் த்ரூ’ என்று தட்டுகிறேன்.
வழுக்கிப் போகிறார்கள்.
வியர்வை இல்லை, முட்டிவலி இல்லை,
வெர்ன் கூபிச்செக்கின் பூட்ஸ் யார் காலையும் மிதிக்கவில்லை.
‘ஃபெர்ரிஸ் வீல்.’
சக்கரம் சுற்றி இரண்டு வரிசையாகிறது.
சற்றுமுன் விட்ட கையையே
மறுபடி நீட்டச் சொன்னால்
மென்பொருள் மஞ்சளாகக் கண்சிமிட்டும்:
மறு கையைக் கொடு.
இதை யாராவது எனக்கு
நாற்பது வயதில் சொல்லியிருக்கலாம்.

பச்சைச் சதுரம் டேரல்.
என்னைக் கைப்பிடித்தவன், பின்பு கைவிட்டவன்.
இந்த ஆட்டத்தில் இரண்டுக்கும் சேர்த்து
நான்கு தாளம்தான்.
பச்சை வட்டம் ஆர்லிஸ்.
பல் டாக்டரிடம் வேலை. நன்றாக ஆடுவாள்,
அதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.
மூன்றாம் இடத்தில்தான் நிற்பார்கள் எப்போதும்.
மூன்றாம் இடம்
அழைப்பவளின் முகத்துக்கு நேரே.

எவ்வளவு கலைத்துப் போட்டாலும்
ஒரு பொத்தான் இருக்கிறது, ‘வீடு சேர்’ என்று.
அதை அழுத்தினால்
வந்தவர் வந்தவரோடு திரும்பிவிடுவார்கள்.

செவ்வாய் இரவு அதை நான் தொடவில்லை.
நாற்பத்தோரு அழைப்பு எழுதினேன்.
பச்சைச் சதுரத்தை
ஊதாவிடம் அனுப்பினேன், சிவப்பிடம் அனுப்பினேன்,
சுவரோரம் முதுகு காட்டி நிறுத்தினேன்.
ஒருமுறைகூட அது பச்சை வட்டத்தைத் தொடவில்லை.
மணி ஒன்றரை.
பிறகு, சும்மா பார்ப்போமே என்று
பொத்தானை அழுத்தினேன்.
ஐந்தே அழைப்பில் அவிழ்த்துக் காட்டியது.
நான் போட்ட முடிச்சு அவ்வளவுதான்.

ஆனாலும் அச்செடுத்துக்கொண்டு போனேன்.

வெள்ளிக்கிழமை இரண்டு சதுரம், பதினாறு பேர்,
காப்பிப் பாத்திரம் ஓரத்தில் முனகிக்கொண்டிருந்தது.
பதினெட்டு அழைப்பு வரை தண்ணீர்போல் ஓடியது.
பத்தொன்பதாவதில்
ஆர்லிஸ் ஒரு கணம் தயங்கினாள்,
தப்பான பக்கம் திரும்பினாள்,
அவள் பின்னால் வெர்ன், வெர்ன் பின்னால் அவன் மனைவி.
சதுரம் நூல்கண்டாகிவிட்டது.

புள்ளிகள் இப்படிச் செய்ததே இல்லை.

நடுவில் டேரல்,
இரண்டு கையையும் நீட்டியபடி,
அவற்றில் யாரும் இல்லாமல்,
என்னைப் பார்த்துச் சிரித்தான்.
‘‘லொரெட்டா, எங்கே போகணும்?’’

தாளைப் பார்த்தேன்.
அதற்கு அதில் வரி இல்லை.
பாட்டு நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.
‘‘வீட்டுக்குப் போங்க’’ என்றேன் மைக்கில்,
‘‘அவங்கவங்க வீட்டுக்கு.’’
போனார்கள்.
அவன் ஆர்லிஸின் இடுப்பில் கைவைத்து
ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்தினான்.
அவள் என்னிடம் வாயசைத்தாள்: ‘மன்னிக்கணும்.’

வீடு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல்
மடிக்கணினியைத் திறந்தேன்.
பத்தொன்பதாவது அழைப்பில்
மஞ்சள் எரிந்துகொண்டிருந்தது.
செவ்வாயன்றும் எரிந்தது.
அவள் அப்போதுதான் விட்ட வலக்கையை
உடனே நான் கேட்டிருந்தேன்.
தப்பு அவள் காலில் இல்லை.

இடக்கைக்கு மாற்றினேன்.
நாற்பத்தொன்று பதினாறாகச் சுருங்கியது.
ஏழாவதில் பச்சையும் பச்சையும் சந்திக்கிறார்கள்,
அது அப்படித்தான் வருகிறது,
விட்டுவிட்டேன்.

ஒன்பதாவது புள்ளி சேர்க்க இதில் வசதியில்லை,
தேடிப் பார்த்தாகிவிட்டது.
மேசைக்கடியில் என் கால்கள்
ஈரக் காலுறையோடு
எட்டு எண்ணிக்கொண்டிருந்தன.