இருபத்தெட்டு நாள்

சேராங்கோட்டையில் யாரும்
கம்பெனிப் பெயர் சொல்வதில்லை.
ஐஸ் பிளாண்ட் டவரா, பள்ளிக்கூடத்து டவரா, சர்க்காரா
என்றுதான் கேட்பார்கள்.
மூன்றும் என்னிடம் உண்டு,
இரண்டு போனில்.
நண்டு எடுக்கிறவளுக்குத் தராசு மாதிரி
அதுவும் ஒரு சாமான்.

ஐஸ் பிளாண்ட் டவர் வேகம்.
காலை ஆறரைக்கு மண்டபத்துக்காரர்
விலையை வாய்ஸ் மெசேஜில் போட்டால்
அவர் இருமி முடிக்குமுன் இங்கே வந்துவிடும்.
கரண்ட் போனால் அதுவும் போச்சு.
ஐஸுக்கு ஜெனரேட்டர் ஓடும்,
டவருக்கு டீசல் ஊற்ற
மதுரையிலிருந்து ஆள் வரவேண்டும்.

பள்ளிக்கூடத்து டவர் மலிவு.
ராத்திரி எட்டானால்
ஒரே குழாயில் ஊரே குடம் வைத்த மாதிரி
ஆளுக்குக் கொஞ்சம் சொட்டும்.
ரெக்சினாவின் நர்சிங் வகுப்பில்
டீச்சர் ஊசியைத் தூக்கிப் பிடித்தபடி
உறைந்து நிற்பார்.
இன்னும் குத்தலையா என்பேன்.
முறைப்பாள்.

சர்க்கார் சிம்மில்
ஒரு போட்டோ போவதற்குள் நண்டு செத்துவிடும்.
ஆனால் கடலுக்குள் ஏழு மைல் வரை
பேச்சு போகும்,
கிணற்றுக்குள் இருந்து பேசுவது போல.
செங்கோலின் போனில் அதைத்தான் போட்டிருக்கிறேன்.
"வல வச்சாச்சு."
அவ்வளவு கேட்டால் போதும், படுத்துவிடுவேன்.

மைனி லூர்தம்மாள்தான் கணக்கைப் பிடித்தாள்:
"மாசம்னு காசு வாங்குறான்,
இருபத்தெட்டு நாள்தான குடுக்கான்.
நிலாவே இருபத்தொம்பதரை எடுக்குது."
அப்படி வருஷத்துக்குப் பதின்மூன்று.
அந்தப் பதின்மூன்றாவதில்
நண்டு ஏறாது, மாதா கோயிலில் கொடி ஏறாது,
ரீசார்ஜ் மட்டும் வந்து நிற்கும்.
கச்சான் தூக்கி
படகு மணலில் கிடக்கும் நாட்களில்
எஞ்சின் எண்ணெய் குடிப்பதில்லை.
போன் குடிக்கிறது.

நான்காவது ஒன்று உண்டு.
அதற்கு நான் காசு கட்டியதில்லை.
செங்கோல் தூங்கும்போது
அவன் போனைத் திறந்தால்
இலங்கை உங்களை வரவேற்கிறது என்று
இங்கிலீஷில் கிடக்கும்.
மாசியில் இரண்டு. பங்குனியில் ஒன்பது.

"அரிச்சல்முனையில செல்பி எடுக்க வர்றவனுக்குந்தான்
அந்த மெசேஜ் வருது.
அவன் என்ன எல்ல தாண்டியா போனான்?"

நியாயம்தான்.
டவர் கை நீட்டிய ராத்திரி எது,
படகு நீட்டிய ராத்திரி எது
என்று பிரித்துச் சொல்ல
எந்தக் கம்பெனியிடமும் பிளான் இல்லை.
போன வருஷம் பிடிபட்ட படகில்
என் சித்தி மகன் இருந்தான்.
படகு இன்னும் வரவில்லை.

நேற்று ராத்திரி சத்தமே இல்லை.
பத்து. பன்னிரண்டு. இரண்டரை.
கூப்பிட்டால்
ஒரு பெண் நிதானமாக ஏதோ சொன்னாள்.
மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும்
கடைசி வரை கேட்கப் பொறுக்காமல் வைத்தேன்.
இரண்டு போனையும் எடுத்துக்கொண்டு
கரைக்குப் போனேன்.
டிங் என்றது.
பதறித் திறந்தால்,
என் போனிலும் அதே வரவேற்பு.
கால் இரண்டும் நம்மூர்ச் சேற்றில்.
இவன் பொய் சொல்லவில்லை என்று
ஒரு நிமிஷம் லேசாக இருந்தது.
ஆனால் இவன் எங்கே?

நான்காம் தடவை அந்தப் பெண்ணை
முழுசாகப் பேசவிட்டேன்.
வேலிடிட்டி முடிந்துவிட்டதாம்.

நான் அமாவாசைக்கு அமாவாசை என்று
மனசில் வைத்திருந்தேன்.
கம்பெனி நேற்றோடு முடித்துவிட்டது.

ஐஸ் பிளாண்ட் டவரில்
நூற்றுச் சொச்சம் ரூபாய் போன வேகத்தை
நான் எந்த நாளும் மறக்கமாட்டேன்.
சுற்றியது, பச்சை டிக் விழுந்தது.
கூப்பிட்டேன்.

மணி அடித்தது.

அடித்தது என்றால் ஏழு மைலுக்குள்.
அவன் எடுக்கும் முன்பே
மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன, தூங்கலயா?"
பின்னால் எஞ்சின் சத்தம், யாரோ சிரிப்பது.
நண்டு எவ்வளவு என்று மட்டும் கேட்டேன்.