ஆறு இலக்கம்

பக்கத்துக்குள் நுழைய
முதலில் றிஸ்மியாவுக்குக் கோல் எடுக்க வேண்டும்.
அட்டாளைச்சேனையில்
கோழித் தவிடு ஒட்டிய கையோடு
மூன்றாவது மணியில் எடுப்பாள்.
"நில்லுங்க புள்ள, போன் மகன்ட கையில, கேம் விளையாடுறான்.
ம்... வந்திரிக்கி. நாலு, சைபர், ஒம்பது..."
ஆறு இலக்கம் சொல்லி முடிய
ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகம் திறக்கும்.

பக்கத்தைத் தொடங்கியது அவள் புருஷன்.
கணனி விரிவுரையாளர் மிஹ்ழார்.
யாரும் கேட்காமல், தன் சொந்த நம்பரில்.
முதற் படம் நூலக வாசலில் படுத்திருக்கும் மாடு.
பதினொரு விருப்பம். நான் அதை அழிக்கவில்லை.
பிறகு கலாநிதிப் பட்டத்துக்கென்று
நியூசிலாந்து போனார்.
சிம் வீட்டில் நின்றது.

நம்பரை மாற்றக் கேட்டு நான் எழுதிய கடிதம்
மூன்று மேசை ஏறி இறங்கி
"ஆவன செய்க" என்று திரும்பி வந்தது.
யார் செய்வதென்று எழுதியிருக்கவில்லை.

நான் முகாமைத்துவ உதவியாளர், தரம் மூன்று.
இந்த வேலை என் கடமைப்பட்டியலின் கடைசி வரியில் இருக்கிறது,
'ஒப்படைக்கப்படும் ஏனைய கடமைகள்' என்பதற்குள்.
மூன்று மொழியும் ஒரே நேரத்தில் வர வேண்டும் என்பது சட்டம்.
அம்பாறை பஸ் பிந்தினால்
சமன்மலீ பிந்துவாள், சிங்களம் பிந்தும்,
பட்டமளிப்புத் திகதி பசியோடு காத்திருக்கும்.

இரவு ஒரு மணிக்கு யாராவது எழுதுவார்கள்:
விடுதியில் தண்ணி இல்ல.
நாளைக்கு லெக்சர்ஸ் இரிக்கா.
காரைதீவில் நுளம்புவலைக்குள் கிடந்தபடி
'நாங்கள் கவனத்தில் எடுத்துள்ளோம்' என்று பதில் போடுவேன்.
நாங்கள் என்றால்
நானும் ஒரு காற்றாடியும்.
வெள்ளத்தில் பாதை மூடிய இரவு மட்டும்
ஒரு பிள்ளை கேட்டது:
"நீங்க ஆளா, மெசினா?"
ஆள்தான் என்று எழுதி,
அழித்து,
'அவசர இலக்கத்தைத் தொடர்புகொள்ளவும்' என்று அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு கடித உறை வந்தது.
பி.ப. இரண்டுக்கு முன் பக்கத்தில் இடவும்.
படிப்பு விடுமுறையில் போய்த் திரும்பாததால்
பதவியை வறிதாக்கியவர்களாகக் கருதப்படுவோர்,
ஏழு பெயர், ஏழு தொகை.
நாலாவது பெயர் மிஹ்லார்.

கணனி நிலையம் வழமைபோல
இரவே எல்லாரையும் வெளியே தள்ளியிருந்தது.

மூன்றாவது மணி.
"இண்டைக்கு என்ன புள்ள போடப்போறீங்க?"
எப்போதும் கேட்பாள்.
பூப்பந்தில் வென்றோம் என்றால் சிரிப்பாள்.
குருதிக்கொடை என்றால், தன்னுடையது ஓ பொசிட்டிவ் என்பாள்.
"ஒரு அறிவித்தல்" என்றேன்.
கோழி கேட்டது. மகனின் கேமில் யாரோ செத்துச் செத்து எழும்பினார்கள்.
"வந்திட்டா அது?
இங்கயும் பதிவுத்தபால்ல வந்த."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
கோல் வெட்டுப்பட்டதோ என்று திரையைப் பார்த்தேன்.
செக்கன்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"எழுதுங்க. ஏழு.
ரெண்டு.
ரெண்டு.
சைபர்.
ஒண்டு.
அஞ்சு.
எழுதிட்டீங்களா? திருப்பிச் சொல்லுங்க பாப்பம்."

திருப்பிச் சொன்னேன்.

"புள்ள, அவர்ர பேருக்கு ழானா.
ஸ்டாஃப் லிஸ்ட்ல எப்பவும் லானா போடுற.
அவருக்கு அது புடிக்கிறல்ல."

கையெழுத்தான கடிதத்தில் ஓர் எழுத்தை மாற்ற
தரம் மூன்றுக்கு அதிகாரம் இல்லை.
மாற்றினேன்.
தமிழில் மட்டும்தான் முடிந்தது.
மற்ற இரண்டிலும் அந்த எழுத்து இல்லை.
ஒன்று ஐம்பத்திரண்டுக்குப் பக்கத்தில் ஏறியது,
கீழே 'நாங்கள்' என்று.

ஜன்னலுக்கு வெளியே
வயலில் மெசின் நெல் வெட்டிக்கொண்டிருந்தது.

ஐந்து மணிக்கு அவளிடமிருந்து குறுஞ்செய்தி:
சிம்மில காசு முடியுது, வெட்டிருவானுகள்.
பஸ் தரிப்பிடத்தில் நின்று
நூறு ரூபாய் ரீலோட் போட்டேன்,
எந்த வவுச்சரிலும் எழுத முடியாத நூறு ரூபாய்.
நாளைக்குப் பூப்பந்து அரையிறுதி.