தளிர் வரட்டும்

காய்ச்சல் விட்டு ஒன்பதாம் நாள்,
குலசேகரம் ஆயுர்வேத ஆஸ்பத்திரி.
சீட்டு எண் முப்பத்தொன்று.
"வயிறு கழியணும் டாக்டர்.
ஜெயக்கொடிக்கு ஆடியில குடுத்தீங்களே,
அதேதான்."

நாக்கை நீட்டச் சொன்னார். வெள்ளை.
நகத்தை அமுக்கி விட்டார்,
சிவப்பு திரும்பி வர நேரமெடுத்தது.
பசிக்குதா? தூக்கம் உண்டா?
நாள் தள்ளியிருக்கா?
இரண்டு பஸ் மாறி வந்தவளுக்கு
ஒரு அவுன்ஸ் பேதி எண்ணெய் தர
இத்தனை கேள்வி.

"அவளுக்கு உடம்புல மிச்சம் இருந்துது.
உனக்கு எதை எடுக்க?"

கோபத்தில் ஜன்னலைப் பார்த்தேன்.
ரப்பர் மரங்கள்
மாசி வெயிலில் இலை கொட்டி நின்றன.
பதினெட்டு வருசம் வெட்டுக்காரி நான்.
இப்போது கத்தி வைத்தாலும் பால் வரும்.
வரும்தான்.
வரும் என்பதற்காக வெட்டலாமா?

சீட்டில் எழுதியிருந்தது:
பொடியரிக் கஞ்சி, சுக்குவெள்ளம், பயறு,
பதினைந்து நாள்.
"பிறகு வா, பார்க்கலாம்.
குடுப்பேன்னு சொல்லல்ல."

திற்பரப்பு பஸ்ஸில் போன் அடித்தது.
கங்காணி றாபி.
"விலை ஏறியாச்சு அக்கா,
நாளைக்கே வெட்டு தொடங்கணும்."
"தளிர் வரட்டும்" என்றேன்.
"எந்த பிளாக்கச் சொல்லுதிய?"

டிக்கெட்டை மடித்து
வளையலுக்குள் செருகினேன்.