பதினேழாவது முறை

ஆல்போர்க்கில் பிப்ரவரி.
மாலை ஐந்தரைக்கே கடல்கால் கறுத்துவிட்டது.
பிரேபெனின் மேசைமேல் இரட்டைப் பிள்ளைகள்போல
இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள்.
ஒன்றின் வயிற்றில் கடைச்சரக்கு மின்தேக்கிகள்,
கறுப்பு உறை, ஒன்று நாற்பது குரோன்.
மற்றதில் இருப்பவை ஜப்பானிலிருந்து வந்தவை,
பொன்னிறம்.
அவற்றின் விலையை டோர்தேயிடம்
இன்னும் சொல்லவில்லை.

"யாரோ உன் காதில் பூச்சுற்றிவிட்டார்கள்" என்றேன்.
"பூவா என்று காதைக் கேட்போம்" என்றான்.

அவனைக் குறை சொல்லவும் முடியாது.
நவம்பரில் அந்த வீட்டில் ஒரு முரலல் இருந்தது.
நொடிக்கு நூறு துடிப்பு.
ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன்
புட்டிக்குள் அடைபட்ட வண்டு.
டோர்தேதான் முதலில் கேட்டாள்.
முப்பது வருடத்துத் தேக்கிகள்
உள்ளுக்குள் வறண்டுபோயிருந்தன.
சுவரிலிருந்து மின்சாரம் மேடும் பள்ளமுமாகத்தான் வரும்;
பள்ளத்தை நிரப்பிக் கொடுப்பது தேக்கியின் வேலை.
ஏரி வற்றினால் மதகு என்ன செய்யும்?
மலிவாக நாலு வாங்கிப் பற்றவைத்தான்.
வண்டு செத்தது.
அந்த வெற்றிதான் வினையாயிற்று.
கறுப்பே இவ்வளவு செய்தால்
பொன் என்ன செய்யாது?

புத்தக அலமாரிக்குப் பின்னால் நான்.
மீட்டர் வைத்து ஒலியளவைச் சமன் செய்தேன்.
நடுவில் ஓட்டையுள்ள ஐந்து குரோன் நாணயம்:
ராணியின் எழுத்து விழுந்தால் பொன்,
எண் விழுந்தால் கறுப்பு.
சுண்டு, லீவரைத் தள்ளு, குறித்துக்கொள்.
அவன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்:
"இதில் காற்று இருக்கிறது."
"இது தட்டை."
"இதோ, சிம்பலின் விளிம்பு,
விரல் வைத்தால் வெட்டும்."

நான் காதுகளை அளந்து சம்பாதிப்பவள்.
என் மருத்துவமனை இழுப்பறையில்
அவனுடைய கேள்வியின் படம் இருக்கிறது,
வரைந்தது நானே.
கோட்டன்பர்க் போகும் படகின் இஞ்சின் அறையில்
இருபத்திரண்டு வருடம்.
மூவாயிரம் வரை சமவெளி,
அதற்கப்பால் செங்குத்துச் சரிவு.
சிம்பலின் விளிம்பெல்லாம்
அந்தச் சரிவுக்குக் கீழே, இருட்டில்.
வண்டு முரன்றது சமவெளியில்.
அதனால் அதைக் கேட்டான், சரியாகவே கேட்டான்.
இதை அவனிடம் எப்படிச் சொல்வது?
சுண்டினேன்.

பதினாறு முறை முடிந்தது.
"எத்தனை?"
"எட்டு."
"பாதி சரி!"
"நாணயத்துக்கும் அதே மதிப்பெண்தான்."
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, கண்ணைத் திறக்காமலே:
"மேல்தட்டுச் சத்தங்களைப் படகு எடுத்துக்கொண்டது,
தெரியும், விபேகே.
நீ படத்தை மடித்து உறையில் போட்ட வேகத்திலேயே தெரியும்.
ஆனால் எங்கே என்ன இருக்கும் என்று
எனக்கு மனப்பாடம்.
அங்கே வைத்துப் பார்க்கிறேன்."

டோர்தே காபி கொண்டுவந்தாள்.
பொன்னிறத்தைப் பார்த்துவிட்டு
"அழகாயிருக்கிறதே, என்ன விலை?" என்றாள்.
பிரேபென் சர்க்கரை தேடினான்.
அவன் சர்க்கரை போடுவதில்லை.

இசைத்தட்டு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.
டபுள் பேஸின் ஒரு கீழ்ச்சுரம்;
அதைத் தொட்ட விரலின் தோல்,
நரம்புக்குப் பின்னால் மரம்,
மரத்துக்குள் அடைந்திருந்த அறை.
இதுவரை எனக்குக் கேட்டதே இல்லை அப்படி.
முதுகில் சில்லிட்டது.
பொன்தான், சந்தேகமே இல்லை,
வாய்வரை வந்துவிட்டது.

கோப்பையை எடுக்கிற சாக்கில்
அலமாரிக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன்.

லீவர் கறுப்பில் இருந்தது.

அங்கேயே நின்று
பாட்டு முடியும்வரை கேட்டேன்.