திகதி

பற்றறி செத்தால் என் சின்னக் கமரா
எல்லாவற்றையும் மறந்துவிடும்.
திரும்ப உயிர் வரும்போது அதற்கு எப்போதும்
இரண்டாயிரம், தை முதலாம் திகதி,
நள்ளிரவு பன்னிரண்டு மணி.

நாலு மெகாபிக்சல். நெல்லியடியில் ஒருவர்
இரண்டு கொத்துரொட்டிக் காசுக்குத் தந்தது.
திரையின் ஒரு மூலை கறுத்து வருகிறது,
வாழைப்பழத்தில் தொடங்குமே, அப்படி.
தோளில் தொங்குவது மற்றது, பிலிம் போடுகிறது.
முப்பத்தாறுதான். றோல் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய்
கழுவுப்பட்டு வர மூன்று கிழமை.
அதனால் அதை உயர்த்தும்போது மூச்சைப் பிடிக்கிறேன்.
சின்னதைப் பேச்சோடு பேச்சாக
வயிற்றில் வைத்தே அமத்திவிடுவேன்.

கிழமை நாளில் சுன்னாகத்தில்
காப்புறுதிப் படிவங்களின் கடைசிப் பக்கத்தில்
கையெழுத்து வாங்குகிறவன் நான்.
சனிக்கிழமை ஆறரைக்குப் பண்ணையில்.

நீர்க்காகங்கள் வலைக்கம்புகளில்
சட்டை காயப்போட்டதுபோலச் சிறகை விரித்து நின்றன.
எடுக்கவில்லை. எல்லாரும் எடுத்துவிட்டார்கள்.
எடுத்தது:
கோட்டை மதிலோரம் ஹெல்மெற்றோடே
போனில் சண்டைபிடித்த பெடியன்;
காரைநகர் பஸ்ஸின் பின்கண்ணாடிப் புழுதியில்
விரலால் எழுதி, பாதியில் விட்ட ஒரு பெயர்.

ஒன்பதாவதுக்கு நின்றவர்
உள்ளங்கையை விரித்து முகத்தை மூடினார்.
கோபமில்லை. பழக்கம்.
"என்னத்துக்கு? எங்க குடுப்பீர்?"
எங்கேயும் இல்லை என்றேன்.
அந்தப் பதிலை முன்னும் கேட்டிருப்பார்போல,
கை இறங்கவில்லை.
கமராவை நான் இறக்கினேன்.

குருநகர் சந்தையில் ஜசிந்தா திருக்கை வெட்டினாள்.
என் மீற்றர் வேலை செய்யாது, வெயிலைக் கண்ணால் அளக்கிறேன்:
வெளியே பதினாறு, தறப்பாளின் கீழே நாலு.
நான் வளையத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க
"தம்பி, மீன் நாறிப்போடும்" என்றாள்,
என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள்.
அந்தச் சிரிப்பு சின்னதில்தான் விழுந்தது.

அடுத்த சனி பிறின்ற் போட்டுக் கொண்டுபோனேன்.
மூலையில் தோடம்பழ நிறத்தில் இலக்கங்கள்.
"திகதி பிழை அக்கா, மாத்தி அடிச்சுத் தாறன்."
கையைப் பாவாடையில் துடைத்து
ஓரத்தில் மட்டும் பிடித்து வாங்கினாள்.

"ரெண்டாயிரமோ?"
கொஞ்சம் பேசாமல் நின்றாள்.
"அப்ப நான் மல்லாவியில. தறப்பாளுக்குக் கீழ.
மூத்தவன் வயித்தில."
படத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள்.
"இதில பாருங்கோவன். ஊரில நிக்கிறன்.
மீன் வெட்டிறன். சிரிப்பு வேற."
இறால் விற்ற நிக்சனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.
நிக்சன் படத்தையும் அவளையும் மாறிமாறிப் பார்த்து
"அப்பவும் கிழவிதான்" என்றான்.
"மாத்தாதேங்கோ, தம்பி. கிடக்கட்டும்."

பிறகு எனக்கு அரைக் கிலோ கூடவே நிறுத்தாள்.
அதற்கும் காசு வாங்கினாள்.

பிலிமும் வந்தது. இருபத்திரண்டாவதில் ஜசிந்தா
கண்மூடி நிற்கிறாள், கத்தி ஒரு வெள்ளைக் கீறல்.
திகதி இல்லை. எந்த வருஷமாகவும் இருக்கலாம்.
நல்ல படம் அதுதான். அவளுக்குக் கொடுக்கவில்லை.

நேற்று இரவு சின்னதன் மெனுவைத் திறந்தேன்.
ஆண்டு மட்டும் மின்னி மின்னிக் கேட்டது.
அம்புக்குறியில் விரலை வைத்திருந்துவிட்டு
பற்றறியைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

இன்று கஸ்தூரியார் வீதியில் போட்டேன்.
வெயில் கண்ணைக் குத்துகிறது.
கமராவுக்கு நேரம் நள்ளிரவு பன்னிரண்டு நாற்பது,
இரண்டாயிரம், தை ஒன்று, ஊரடங்கு.
தெரு நிறையச் சனம்.
ஒரு பிள்ளை ஐஸ்கிறீம் உருகி முழங்கைவரை வழிய
என்னைப் பார்த்து நாக்கை நீட்டுகிறது.