மீதி

மணிக்கூண்டுக்குக் காசு சேர்த்த வருடம்
கோயில் கணக்கு என் கையெழுத்தில் இருந்தது.
ஐம்பதாயிரத்துக்கு மேலே தந்தவர் பெயர் மாபிளில்,
அதற்குக் குறைந்தவர் பெயர் பலகையில்,
ஆயிரத்துக்குக் கீழே பெயர் இல்லை.
அந்த விதியை எழுதியதும் நான்தான்,
சிவப்பு மையில் கோடிழுத்து.

எமெரன்சியா தந்தது இருநூற்று நாற்பது.
மீன் வெட்டுகிற கை. தாளில் செதில் ஒட்டியிருந்தது.
பற்றுச்சீட்டு எழுதுமுன் அதை நகத்தால் சுரண்டினேன்.

பிறகு நடந்ததை ஒழுங்காய்ச் சொல்லத் தெரியவில்லை.
கோபித்துக்கொண்டு போனார்கள் என்கிறது ஊர்.
கோபமும் இருந்தது.
டச்பாரில், வேர்னனின் ஒட்டுப் பட்டறையில்,
கேஸ் சிலிண்டர்களைச் சுவரோரம் உருட்டிவிட்டு
வியாழன் பின்னேரங்களில் கூடினோம்.
ஆட்கள் ஒன்பது, கதிரை ஆறு.
ஒலிபெருக்கி இல்லை.
சாம்பிராணி இருந்த இடத்தில் சுட்ட இரும்பின் மணம்.

"முதல் ஆக்கள் இப்பிடித்தான் இருந்திருப்பாங்க,"
என்றான் பிலேந்திரன்,
"வீட்டுக்கு வீடு பாண் பிட்டு,
பயத்தில கதவைச் சாத்திக்கொண்டு."
"இந்தக் கதவு சாத்தாது.
பிணைச்சல் போய் ரெண்டு வருசம்," என்றான்
ஊருக்கெல்லாம் கதவு செய்கிற வேர்னன்.

காத்தான்குடி பேக்கரியின் அச்சுப் பாண் ஒன்று,
சூடு ஆறுமுன் வந்துவிடும்.
வைனுக்கு என்ன செய்வதென்று இரண்டு வாரம் வாதாடினோம்.
மூன்றாம் வாரம் தேத்தண்ணி ஊற்றினோம்.

நாலாம் வியாழன் தவசீலியின் முறை.
அந்த ஆட்கள் உள்ளதை விற்றுப் பொதுவில் வைத்ததையும்
ஒருவருக்கும் குறைவில்லாமல் போனதையும்
எழுத்துக் கூட்டி வாசித்தாள்.
வாசித்தவள் நிமிரவில்லை.
மடியிலிருந்து கடன் கொப்பியை எடுத்துப்
பாணுக்குப் பக்கத்தில் வைத்தாள்.
கிழமைக்கு மூவாயிரத்து நானூறு.
நாலு கிழமை வெறும் கட்டம்.
"மறுகா, இண்டைக்கும் வருவான்."

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை.

ஆணி போடுகிற டின்னைக் கவிழ்த்தான் வேர்னன்.
சேலைத் தலைப்பின் முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள் எமெரன்சியா.
பிலேந்திரன் மணிக்கூட்டைக் கழற்ற,
"அது ஓடாததல்லோ" என்று யாரோ சொல்லச்
சிரித்தோம், கொஞ்சம் கூடுதலாய்.
என் பைக்குள் பத்தாயிரம்.
ஐந்தை வைத்தேன்.
"இவ்வளவுதான் இருக்கு."
இருபத்தாறு வருடம் கணக்குச் சொன்ன வாய்,
பொய்யும் கூட்டல் பிழையின்றி வந்தது.

தவசீலி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.
நிலத்தை விற்றுப் பாதியை ஒளித்த ஒருவன்,
பின்னால் அவன் மனைவி.
ஒருவர்பின் ஒருவராய் விழுகிறார்கள்.
தூக்கிப்போக வந்தவர்களின் கால்கள்
வாசலுக்கு வருகிற இடத்தில்
வெளியே சரளைக் கல்லில் காலடி.

சாத்தாத கதவில் ஒரு பொடியன்,
தலைக்கவசம் கழற்றாமல், மழை சொட்ட.
"ஜெபமா? நான் வெளியில நிக்கிறன்."

நான் விழவில்லை.
விழுந்திருக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது.
பையைத் திறந்து மற்ற ஐந்தையும் எடுத்தேன்.
"பொய் சொன்னனான்," என்றேன், யாரைப் பார்த்தென்று தெரியாமல்.
வேர்னன் இருமினான்.
எமெரன்சியா பாணின் கருகிய ஓரத்தைப் பிட்டு
என் கையில் வைத்தாள்.
மீன் மணத்தது.
விழுங்கினேன்.

இருந்தது பன்னிரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பது.
தேவை பதின்மூவாயிரத்து அறுநூறு.
ஒருவருக்கும் குறைவில்லை என்கிற வசனத்துக்கு
இன்னும் எழுநூற்று ஐம்பது ரூபாய் தூரம்.

பொடியன் இரண்டு தரம் எண்ணினான்.
"வேலையால போகக்குள்ள சாப்பிட்டியா?" என்று கேட்டாள்,
அவனிடம் கடன்பட்ட தவசீலி.
தலைக்கவசத்தைக் கழற்றிச் சிலிண்டரின் மேல் வைத்தான்.
கதிரை காணாது.
நான் எழும்பினேன்.